ஜெரியின் நான்காவது முயற்சி

தமிழ்நாட்டை நிர்வகிக்கத் தேவையான அறிவு மொத்தமும் ராயபுரம் ஜெரியின் தலைக்குள் இருந்தது. குரூப் ஒன் முதல்நிலைத் தேர்வை மூன்று முறை எழுதியும் தேர்வாணையம் மட்டும் இதைக் கண்டுகொள்ளவில்லை. நான்காவது முறையும் கோட்டைவிட்டால் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போயாக வேண்டும் என்று அங்கேயே வேலை பார்க்கும் அப்பா சொல்லியிருந்தார்.

ஆனாலும் அவன் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மெர்லினுக்கு இதுதான் முதல் தேர்வு. நூலகத்தில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலை விரித்து வைத்திருந்தாள்.

"இன்னா மெர்லின், மறுபடியும் ஸ்கூல்ல சேந்துட்டியா? டெபுடி கலெக்டர் ஆவுறவ கையில தலகாணி மாரி புக்கு இருக்கணும்."

"கேள்வி இதுலேர்ந்துதாண்ணா வருது."

"எவன் சொன்னான்?"

"பழைய கொஸ்டின் பேப்பரு."

ஜெரி பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுத் தன் தடிமனான புத்தகத்துக்குள் போய்விட்டான்.

இருவரும் எழுதிய தேர்வின் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மெர்லின் எண் இருந்தது. தன் எண்ணைத் தேடி ஜெரி பட்டியலில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போய்வந்தான். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அன்று சாப்பிட்டானா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

"திங்கக்கெழமலேர்ந்து வந்துடு," என்றார் அப்பா.

"சரி நைனா."

யார்டு வாசலில் உட்கார்ந்து உள்ளே போகும் லாரிகளின் எண்களை எழுதினான். மதியம் வரத்து குறைந்தது. மெர்லினிடம் கேட்டு வாங்கிய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மடியில், மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டு, முதல் பாடத்தின் முதல் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டான்.