பெயர்க் கட்டம் காலி

“எனக்கு இந்தக் கறுப்பு ஸ்கிரீன் ஒண்ணும் வெளங்கல தம்பி. ஒன் பொண்டாட்டி புனிதாவுக்குப் பிள்ள பொறந்தா நீ லீவு போட்ருவ. பட்டன் வெச்சுக் குடு லா, நானே தட்டிக்கிறேன்” என்றாள் உஷாராணி.

நியாயம்தான். கிள்ளானில் அவள் நடத்தும் ஈமச்சடங்கு அலுவலகத்தில் மரண அறிவிப்பு தாமதமாகக் கூடாது. யாராவது போய்ச் சேர்ந்தால், படமும் பெயரும் வண்டி கிளம்பும் நேரமும் உடனே வாட்சப்பில் சுற்றிவிட வேண்டும். அதைச் செய்துகொடுக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதியவன் தனேஷ். அவனைத் தவிர வேறு யாருக்கும் தலையும் வாலும் புரியாத நீளச் சங்கதி அது.

உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிரித்தான். படத்தை ஒட்ட ஒரு ஃபங்ஷன், பெயரை எழுத ஒன்று, குடும்பத்தாரை வரிசைப்படுத்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கட்டம், கீழே பட்டன். சோதித்துப் பார்க்கப் பெயர் வேண்டுமே? வாய்க்கு வந்ததைப் போட்டான்: தம்புசாமி, ஊர் காப்பார். இரண்டொரு நாளில் காப்பாரிலிருந்து போன் வந்தது. செத்தவர் பெயர் தம்புசாமி. கிள்ளான் பக்கம் தம்புசாமிக்கா பஞ்சம் என்று சிரித்துவிட்டான். அடுத்து சீதாலெட்சுமி என்று போட்டு, மகள் தாமரை என்றும் சேர்த்தான். அந்த வாரமே தாமரை என்ற பெண் அம்மாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடம் சொல்வது? புனிதாவிடம் சொன்னால் வேலையை விடு என்பாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, இந்த வேலைச் சட்டையையே வாசலில் கழற்றிப் போடச் சொல்கிறவள். அதன்பிறகு அவன் பெயர்க் கட்டத்தைத் தொடவேயில்லை. காலியாக விட்டே மற்றதைச் சோதித்தான். உயிரோடிருக்கிற யாரையும் செத்தவராகப் போடவில்லையே என்று ஒரு நிம்மதி.

வேலை முடிந்த அன்று மத்தியானம் உஷாராணி ஆசையாக வந்து பட்டனைத் தட்டினாள்.

“என்ன தம்பி, நான் ஒண்ணுமே டைப் பண்ணல, அதுவா வருது?”

சாம்பல் நிறத்தில் வெறும் படச் சட்டம். பெயர் இல்லை. கீழே, மனைவி: புனிதா.

அவன் போட்டதுதான். குடும்பத்தார் ஃபங்ஷனைச் சோதிக்கும்போது கைப்பழக்கத்தில் வீட்டுக்காரி பெயரைத் தட்டி, கட்டம் காலியாயிருந்தால் இதையே காட்டு என்று உள்ளே எழுதிவிட்டு மறந்திருக்கிறான். செத்தவர் பெயருக்குத்தான் அத்தனை ஜாக்கிரதை. அழப்போகிறவர் பெயரை யோசிக்கவே இல்லை, மடையன்.

“டெஸ்ட்டுதான்க்கா. இருங்க, அழிச்சிடறேன்.”

அவசரமாக அழித்தான். அப்போது அலுவலகப் போன் அடித்தது.

உஷாராணி பேனாவோடு எடுத்தாள். “ஆமாம்மா, இங்கதான். அழாம சொல்லுங்க. நீங்க யாரு, மனைவியா? உங்க பேரு?”

எழுதப் போன கை நின்றது. மெல்ல நிமிர்ந்து தனேஷ் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

“நான் இங்கதான்க்கா இருக்கேன்” என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில், காலியாகக் கிடந்த பெயர்க் கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று மறைந்து மறைந்து தோன்றியது.