அரிவாள்மணைக்கு ஓர் உலைக்களம்

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூசணிக்காயைப் பிளக்கும்போது என் அரிவாள்மணையின் அலகு அடியோடு முறிந்தது. நடந்தது இவ்வளவுதான். இதற்காக ஒரு மாட்டுத் தொழுவமும், ஒரு வாசல் நிலையும், என் அடுக்களைச் சுவரில் பாதியும் போகும் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் பூசணிக்காயை முழுசாகவே குழம்பில் போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அம்மையப்ப பிள்ளை அலகை எடுத்துக்கொண்டு குற்றாலலிங்கம் ஆசாரியின் பட்டறைக்குப் போனார். அப்போது சேரன்மகாதேவி வழியாக ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அங்கே வேலை. "தை கழியட்டும் பிள்ளைவாள், அவசரம்னா நீரே அடிச்சுக்கிடும்" என்று ஆசாரி சிரித்திருக்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது. விளையாட்டுக்குச் சொன்னதை மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிற மனுஷனுக்கு நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

"நானே அடிக்கேன் கோமு" என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும். "இரும்பைக் காய்ச்சணும், அடிக்கணும். இதுல என்ன பெரிய வித்தை? எட்டே நாள்ல உன் கையில தாரேன்."

எட்டு நாளைக்கு என்ன செய்வது? அடுத்த வீட்டில் என் நாத்தனார் நீலாம்பாள் இருக்கிறாள். இவருடைய அக்காள். அவளிடம் காலையில் அரிவாள்மணை வாங்கி, நறுக்கிவிட்டு, கழுவித் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போதெல்லாம் கூடவே ஒரு வார்த்தையும் கொடுப்பாள். "ஏட்டி கோமு, பதினெட்டு மரக்கால் விதைப்பாட்டு வயக்காரன் பொண்டாட்டி, ஒரு அருவாமணைக்கு வழியில்லையே!" இதைத் தெரு கேட்கச் சொல்லுவாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

எட்டாம் நாள் தொழுவத்தின் மூலையில் ஒரு உலை எழும்பியிருந்தது. அரிவாள்மணை எழும்பவில்லை. பட்டடை இல்லாமல் எதன்மேல் வைத்து அடிப்பது என்று கேட்டார். நியாயம்தான். ரயில்காரர்கள் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை விலை பேசி வாங்கி வந்தார். அதை நிறுத்த ஒரு புளியமரத்தின் அடிக்கட்டை வந்தது. அது வாசல் வழியாக நுழையவில்லை. கட்டையைச் செதுக்குவார் என்று நினைத்தேன். வாசல் நிலையைப் பெயர்த்தார்.

அப்புறம் குறடு. காய்ச்சிய இரும்பைக் குறடு இல்லாமல் பிடிக்க முடியாது. விலைக்கு வாங்கக் கூடாதாம், நாமே செய்ய வேண்டுமாம். குறடு செய்வதற்கும் குறடு வேண்டும் என்பது அவருக்குக் கை சுட்ட பிறகுதான் தெரிந்தது. ஆவணி முழுக்கக் குறடு அடித்தார். ஏழு அடித்தார். ஏழில் ஒன்றாவது வாயை மூடியதா என்றால் இல்லை. ஏழையும் வரிசையாகச் சுவரில் மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஏழு குறடு மாட்டிய பிறகு தொழுவத்தில் மாட்டுக்கு இடமில்லை. மாட்டை நெல் அறையில் கட்டினோம். அது நெல்லைத் தின்றது. நெல்லைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் கால் நீட்ட இடம் பார்த்துப் படுத்தோம். அப்புறமும் உலைக்களத்துக்கு இடம் போதவில்லை என்று, தொழுவத்தை ஒட்டியிருந்த என் அடுக்களைச் சுவரில் பாதியை இடித்தார். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றால் எனக்கு நேர் எதிரே அவர் சுத்தியலோடு நிற்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பார்க்க ஆரம்பித்தேன். வேறு எங்கே பார்ப்பது?

துருத்தியில்தான் எல்லாம் நின்றுபோனது. துருத்தி மாட்டுத்தோல். நாங்களோ சைவ வேளாளர். வீட்டில் சிவபூஜை உண்டு. தோல் உள்ளே வரக்கூடாது. பனையோலை விசிறியால் வீசிப் பார்த்தார். சாம்பல் பறந்து என் பாலில் விழுந்தது. கோணிச்சாக்கில் துருத்தி தைத்தார். காற்று எல்லாப் பக்கமும் போயிற்று, உலைப் பக்கம் மட்டும் போகவில்லை. கடைசியில் கோயில் ஓதுவாரை வரவழைத்து, தோல் வெளியே இருந்து காற்று மட்டும் உள்ளே வந்தால் தீட்டு உண்டா என்று கேட்டார். ஓதுவார் மூன்று நாள் யோசித்தார். மூன்று நாளும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். நாலாம் நாள், மூங்கில் வழியாக வந்தால் காற்றுக்குத் தோஷமில்லை என்று முடிவு சொல்லி ஏப்பம் விட்டார்.

ஆகவே துருத்தி சுவருக்கு வெளியே சந்தில் உட்கார்ந்தது. சுவரில் துளை போட்டு ஒரு மூங்கில் குழாய் உலைக்கு வந்தது. எங்கள் வயலில் வேலை பார்க்கும் சங்கிலிபூதத்தான் சந்தில் நின்று ஊதுவான். அவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. இவருக்கு வெளியே நடப்பது தெரியாது. நாள் பூராவும் "ஊதுலே!", "நிறுத்துலே!", "பைய ஊதுலே!" என்று சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். தெருவில் புதிதாக வந்தவர்கள் எங்கள் வீட்டை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி அடுப்புக்கரி போதாது, சிரட்டைக் கரிதான் சூடு நிற்கும் என்றார். சிரட்டைக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். உடைத்த தேங்காயைத் தின்ன வேண்டும். தேங்காய்த் துவையல், தேங்காய்ச் சாதம், தேங்காய்ப்பால் கஞ்சி, ராத்திரிக்கு மறுபடியும் துவையல். எங்கள் மகள் ஆவுடை சட்டியைப் பார்த்தாலே அழுதாள். அத்தனை தேங்காயையும் துருவ அரிவாள்மணை வேண்டுமே, அதற்கு நான் தினமும் இரண்டு தடவை நாத்தனார் வாசலில் போய் நின்றேன். அரிவாள்மணை செய்வதற்காக அரிவாள்மணை கடன் வாங்கிய ஒரே பொம்பிளை இந்தத் தாமிரபரணிக் கரையில் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் ஆவுடைக்குக் களக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தது. தை மாதம் கல்யாணம். மறுநாள் எங்கள் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் தேங்காய்ப்பாலில் காய் போட்டுச் சொதி வைத்தாக வேண்டும். அறுபது இலைக்குச் சொதி என்றால் மலைபோலத் தேங்காயும் காயும் ஆகும். நாத்தனார் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"கவலைப்படாதே கோமு. மறுவீட்டன்னைக்கு என் அருவாமணையோட நானே வந்து கூடத்துல உக்காந்துக்கிடுதேன். சம்பந்திமார் கேட்டா, இவ வீட்டுல ஒண்ணும் கிடையாது, எல்லாம் என் வீட்டுச் சாமான்தான்னு சொல்லிருதேன். என்ன?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகளைக் கொடுத்த இடத்தில் முதல் சாப்பாட்டிலேயே மானம் போக வேண்டுமா? என் வீட்டு அரிவாள்மணையில் நறுக்கித்தான் அந்தச் சொதி கொதிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இவரிடம் சொன்னேன். "ஆமா கோமு, கட்டாயம்" என்றார். மறுநாள் காலையில், இரும்பைத் திருகிக் கவ்வுகிற பிடிச்சிராவி இல்லாமல் நல்ல வேலை ஓடாது, திருநெல்வேலிக்குப் போய் ஒன்று வாங்கி வருகிறேன் என்று வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

வண்டி தெரு முனை திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். உலைக்களத்துக்குள் போய், "சங்கிலி, ஊது" என்றேன்.

"ஆச்சியா?" என்றது சுவர்.

"ஆச்சிதான். ஊது."

ஐந்து மாதம் குழம்புக்கு மேலாகப் பார்த்ததில் ஒன்று புரிந்திருந்தது. அவர் அவசரக்காரர். இரும்பு கோவைப்பழ நிறம் வருமுன்னே எடுத்துவிடுவார், கறுத்த பிறகும் அடித்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்தத் தப்பு வராது. தேய்ந்த வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவில் ஒரு துண்டை உலையில் போட்டேன். முதல் நாள் உருகிப் போயிற்று. இரண்டாம் நாள் கோணிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு கையில் வாய் மூடாத குறடும் மறு கையில் சுத்தியலுமாக அடித்து அடித்து வளைத்து, நுனியில் துருவுவதற்குப் பல்லும் வெட்டி, தண்ணீரில் முக்கினேன். கல்லில் தீட்டினேன். பலகையில் இறக்கினேன். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் ஒரு வாழைக்காயை வைத்ததும் இரண்டாகப் போயிற்று. நான் அழுதுவிட்டேன், பொய் சொல்லுவானேன்.

இவர் பிடிச்சிராவியோடு வந்தார். அரிவாள்மணையைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "யாரு அடிச்சது?" என்றார். சொன்னேன். பிடிச்சிராவியைப் பைய கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று. பொம்பிளை இரும்படித்தாள் என்று நாத்தனாருக்குத் தெரிந்தால் களக்காடு வரைக்கும் கேட்குமே என்ற பயமும் இருந்தது.

"வெளியே நீங்க அடிச்சதாவே இருக்கட்டும்" என்றேன்.

"சரி" என்றார். உடனே சொன்னார். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்ல வேண்டாமா? மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

மறுவீட்டன்று விடியுமுன்னே நாத்தனார் அரிவாள்மணையை இடுக்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் என் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது ஏது?"

"உங்க தம்பி அடிச்சது, மதினி."

"எந் தம்பியா?" என்று சிரித்தவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பந்தியில் பரிமாறும்போது சம்பந்தி அம்பலவாண பிள்ளையின் இலைக்கு முன்னால் நின்றும் சொன்னாள். அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"நீரா வே அடிச்சீர்? சைவப் பிள்ளை வீட்டுல உலைக்களமா? அடிச்சுக் காட்டினாத்தான் நம்புவேன்."

இவர் வேஷ்டி அழுக்காகும் என்றார், நேரமாச்சு என்றார், வெயில் என்றார். யாரும் விடவில்லை. பாயசம் குடித்த வாயோடு அத்தனை பேரும் உலைக்களத்தில் வந்து நின்றார்கள். சம்பந்தியம்மாள் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு வந்தாள். நல்ல நேரம் போவதற்குள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று வாசலில் வண்டி பூட்டி நின்றது. இவர் குறடைப் பிடித்தார். ஒரு துண்டு இரும்பை உலையில் வைத்துவிட்டு, "ஊதுலே சங்கிலி" என்றார்.

சுவர் கேட்டது: "ஐயா அடிக்காகளா, ஆச்சி அடிக்காகளா? ஆச்சின்னா நல்லா ஊதணும். ஐயான்னா சும்மா பேருக்கு ஊதினாப் போதும்."

நாத்தனார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அந்த வாயில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. ஆவுடையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, என் பிள்ளையின் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டேன் என்று நினைத்தேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். குறடையும் சுத்தியலையும் என்னிடம் நீட்டினார்.

"நல்லா ஊதுலே" என்றார் சுவரிடம், உரக்க. "ஆச்சிதான் அடிக்கா. எனக்கு வரலை. அஞ்சு மாசம் பார்த்தேன், வரலை. இவ மூணு நாள்ல அடிச்சுட்டா."

இந்த மனுஷனோடு இனி எந்த ஜென்மத்திலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. சாயங்காலம் வரைக்கும் அந்த எண்ணம் நின்றது.

பட்டுச்சேலையை வரிந்து கட்டினேன். வேறு வழியில்லை, இரும்பு பழுத்துவிட்டது. எடுத்துப் பட்டடையில் வைத்து அடித்தேன். அடிக்க அடிக்க அது நீண்டு மெலிந்தது. சம்பந்தியம்மாள் மூக்கிலிருந்து சேலையை எடுத்தாள். இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"இது வளையுமா மதினி?"

"சூட்டோட அடிச்சா வளையும்."

"கிணத்துக் கொக்கி மாதிரி?"

"கொக்கிதானே? இந்தா, இப்பமே வளைச்சுருதேன்."

அவள் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அம்பலவாண பிள்ளை அதுவரை இவருடைய பிடிச்சிராவியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டார்.

"எட்டு வருஷமாக் கேக்கேன்" என்றாள் சம்பந்தியம்மாள். "கிணத்துல விழுந்த வாளியை எடுக்க ஒரு கொக்கி. எட்டு வருஷமா, நானே பண்ணுதேன், நானே பண்ணுதேன்னு சொல்லுதாக. கிணத்துக்குள்ள பதினாலு வாளி கிடக்கு."

பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, பூட்டி நின்ற வண்டி மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னாள்.