கன்னத்தில் ஒரு மாத்திரை

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பி, மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாப்பிள்ளை, மனநலச் செவிலியர் படிப்பில் கடைசி ஆண்டில் இருக்கும் தம்பி மகள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அம்மாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மேசைமேல் ஒரு படிவம். மனநல மருத்துவமனை வார்டில் ஆறு மாதப் பயிற்சிக்கு வீட்டார் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் கடைசி நாள். பயிற்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் என் கையெழுத்து இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. பெற்ற தகப்பனாக இருந்தும் தம்பி பேனாவைத் தொடவில்லை.

"நம்ம குடும்பத்துல யாரும் அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போனதில்ல" என்றேன்.

"போக வேண்டியவங்க நாலு பேர் இருந்தாங்க. கூட்டிட்டுப் போகத்தான் ஆள் இல்ல" என்றாள் என் மனைவி.

"நாளைக்கு இவளப் பொண்ணு பாக்க வர்றவங்க என்ன வேலைன்னு கேட்டா?"

"சொல்லிடுவேன், பெரியப்பா. அப்புறம் ரொம்ப ஒழுங்கா உக்காருவாங்க" என்றாள் தம்பி மகள்.

மாப்பிள்ளை சிரித்தார். மாப்பிள்ளை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி பிரஷர் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தலையை நிமிர்த்தினேன். பிறகு, "முடியாது" என்றேன்.

என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி மகள் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். "வாயத் திறங்க, பெரியப்பா."

"என்னது?"

"நாக்கத் தூக்குங்க. சரி. இடது கன்னத்த விரலால இழுங்க."

வார்டில் மாத்திரை கொடுத்தால் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்களாம். அவள் குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. என் விரல் தானாகப் போனது. கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் மாத்திரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"பிரஷர் இறங்கலன்னு டாக்டர் மூணு மாசமா டோஸ ஏத்திட்டே போறாரே, மாமா!" என்று மாப்பிள்ளை அலறினார்.

என் மனைவி மூலையிலிருந்த பூந்தொட்டியைப் பார்த்தாள். "அதான் அந்தச் செடி அவ்வளவு சாந்தமா இருக்கு."

தம்பி மகள் சிரிக்கவில்லை. "முழுங்கினா என்ன பண்ணுது?" என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"தலை சுத்துது. செவுரப் பிடிச்சு நடக்கணும். நாலு பேர் பாத்தா என்ன ஆகிறது?"

"இத இப்ப முழுங்காதீங்க. ஏத்தின டோஸ் ஒரேயடியா உடம்புக்கு ஆகாது. இப்பவே டாக்டர்கிட்ட போவோம், நானே சொல்றேன்." உள்ளங்கையை நீட்டினாள். "துப்புங்க."

துப்பினேன். முகம் சுளிக்காமல் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

மாத்திரை விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் அவள் கையெழுத்து வாங்கினாள் என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அறையே பார்த்துவிட்ட பிறகு மிரட்ட எதுவும் மிச்சமில்லை. பேனாவைக் கேட்டு வாங்கியது நான்தான்.