விற்காத ஸ்வெட்டர்கள்

அந்தப் பெரிய துணிக்கடையின் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. கடையின் முன்கண்ணாடியில் பச்சை இலை வரைந்து, 'பூமியைக் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். பின்னால் கிடங்கில், சீசன் முடிந்தும் விற்காத புதுத் துணிகளை அவள் கத்தியால் கிழித்துக் குப்பைக்கு அனுப்புவாள். சும்மா கிடைத்தால் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்பது தலைமை அலுவலகத்தின் நியாயம். சொன்னதைச் செய்பவள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

ஒருநாள், கடையைக் கூட்டித் துடைக்கும் அக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், அந்த மஞ்சள் ஸ்வெட்டர் ஒண்ணே ஒண்ணு... என் பொண்ணுக்குச் சரியா இருக்கும்."

"ரூல்னா ரூல்தான் அக்கா. உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க."

சொல்லிக்கொண்டே, அக்காவின் கண்ணெதிரிலேயே கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் அவள் தன் மகளுக்காகக் காத்திருந்தபோது, மகள் ஒரு தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தோழி மேல் அதே மஞ்சள் ஸ்வெட்டர். கழுத்திலிருந்து இடுப்புவரை பொடிப்பொடியாகக் கைத்தையல்.

"அம்மா, இதை எலி கடிச்சிடுச்சாம். இவ அம்மா தச்சுக் கொடுத்தாங்களாம். எலி இவ்வளவு நேராவா கடிக்கும்?"

அது தன் கத்தி போட்ட கோடு என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"குப்பையிலதான் எடுத்தேன் மேடம், சத்தியமா. மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. வேலை போயிடும்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் இவள். ஆனால் வாயிலிருந்து வந்ததோ, "பரவால்ல, விடுங்க." ஏதோ பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டதைப்போல! சொன்ன பிறகுதான் உறைத்தது. வீடு போய்ச் சேரும்வரை மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் மேனேஜரிடம், "இனிமே என்னால கிழிக்க முடியாது சார்," என்றாள்.

அவர் கோபப்படக்கூட இல்லை. "முடியலைன்னா விடுங்க. வேற ஆளா இல்ல?"

மத்தியானம் கிடங்குக் கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிகளுக்கு நடுவே கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தவள் அக்கா. ஒரு குட்டி ஸ்வெட்டரை மடியில் விரித்து, எங்கே கத்தி வைப்பதென்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கிழிக்கச் சொல்லிட்டாங்க மேடம். மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

தன் கை சுத்தமானால் போதும் என்று நினைத்தாளே தவிர, அது யார் தலையில் விடியும் என்று அவள் யோசிக்கவில்லை.

"கொடுங்க அக்கா, நானே பண்றேன்." கத்தியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. "அன்னைக்கு உங்க முன்னாடி அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போகவா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"சாத்திடுங்க."