காகிதத்தில் கண் தெளிந்தவர்

பூட்டுக்காரர் என்றால் பூட்டு விற்கிறவர் அல்ல, திறக்கிறவர். சாவியைத் தொலைத்தவர்களுக்கெல்லாம் அவர்தான் கதி. ஒருமுறை ஒரு வங்கியின் இரும்புப் பெட்டகத்தைத் தும்மியே திறந்தார் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது மிகை. இருமினார், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவர், கண்ணாடிக் கடையின் இரும்புக் கதவு சிக்கிக்கொண்டபோது அதைத் திறக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை, அந்தக் கடையில் கண் சோதிக்கும் அம்மாள், "கதவு முந்தாநாளே திறந்துடுச்சுங்க. நானும் எப்பதான் சொல்லப் போறீங்கன்னு பாத்துட்டே இருக்கேன்" என்றார். ஐம்பத்தெட்டு வயதுவரை வெட்கம் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்த பூட்டுக்காரருக்கு அன்றைக்குக் காது சிவந்தது.

அதிலிருந்து ஒரு வருஷத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தது அம்மாளின் மகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பேசினாலே விசில் ஊதுகிற மாதிரி இருக்கும். "மாமா, நீங்களும் சொல்ல மாட்டீங்க, எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க. இப்படியே போனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊன்றுகோல்தான் வாங்கணும். அடுத்த மாசம் பதிவு பண்ணிடலாம்" என்றாள்.

ஆனால் பதிவு அலுவலகத்தில் அம்மாளின் முதல் கல்யாணம் இன்னும் அழியாமல் இருந்தது. மகளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, கணவர் வேலைக்கென்று வெளியூர் போனவர் போனவர்தான். பதினோரு வருஷம். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் அந்த மனிதர் இல்லாதவர் என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். பூட்டுக்காரர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதிவாளர் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். பதிவாளர் ஒல்லியான பெண்மணி. மேஜையில் இரண்டு கோப்புகள். ஒன்று மெலிந்து கிடந்தது. மற்றொன்று நாடா போட்டுக் கட்டியும் அடங்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது நீங்க குடுத்தது, நாலு தாள்" என்றார் பதிவாளர், மெலிந்ததைத் தொட்டு. "இது உங்க வீட்டுக்காரரோடது. மத்த ஆபீஸ்ல இருந்தெல்லாம் வரவழைச்சேன். நாப்பது தாள்."

"பழசா?" என்றார் பூட்டுக்காரர்.

"பழசா? போன மாசம் வரைக்கும் இருக்கு. வருஷா வருஷம் குடும்ப அட்டையைப் புதுப்பிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கார். ஆள் கணக்கெடுக்க வந்தப்போ வீட்டுல மூணு பேர்னு பதிவாகியிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி ஓட்டுற உரிமத்தைப் புதுப்பிச்சிருக்கார். ஒரு நாள் தாமதம் கிடையாது. எங்க ஊழியர்கள்லயே இப்படி ஒழுங்கான ஆள் இல்ல."

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்பா உயிரோட இருக்காரா?"

அந்தக் குரலில் விசில் இல்லை. பதினாலு வயசு இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபின் பூட்டுக்காரருக்குப் புதுச் சட்டையைப் பற்றி நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அவர் அம்மாளின் கைகளைப் பார்த்தார். அது தொழில் பழக்கம். சாவியைத் தொலைத்தவர்கள் பையைத் துழாவுவார்கள், சட்டைப்பையைத் தட்டுவார்கள், பிள்ளையைத் திட்டுவார்கள். சாவியை ஒளித்து வைத்தவர்கள் மட்டும் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அம்மாளின் கைகள் மடியில் இருந்தன.

"உக்காரும்மா" என்றார் பதிவாளர் மகளிடம். "எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் இந்தக் கண் சோதனைச் சீட்டைப் பாத்தேன். உரிமத்தோட வைக்கிறது. அம்பத்தோரு வயசுல பலகையில ஆறாவது வரி வரைக்கும் படிச்சிருக்கார். அம்பத்தஞ்சுல எட்டாவது வரி. அம்பத்தொம்பதுல கண்ணாடி இல்லாம கடைசி வரி. அதுக்கும் கீழே பலகையை அச்சடிச்சவன் விலாசம் பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, அதையும் படிச்சாராம்."

பதிவாளர் சீட்டை மூவர் பக்கமும் திருப்பி வைத்தார்.

"இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். செத்தவங்க வந்து ஓய்வூதியம் வாங்கிட்டுப் போனதைப் பாத்திருக்கேன். வயசாக ஆகப் பார்வை கூடின மனுஷனைப் பாத்ததில்ல. சோதிச்சது எந்தக் கடைன்னு முத்திரையைப் பாத்தேன்."

"எங்க கடைதான்" என்றார் அம்மாள். "நான்தான் எழுதினேன். கையெழுத்தெல்லாம்கூட நான் போட்டதுதான்."

"ஏம்மா?" என்றாள் மகள்.

"அட்டையில இருந்து பேரை எடுத்துட்டா, திரும்பி வந்து நின்னா சேக்கறதுக்கு நாலு ஆபீஸ் அலையணும். அதுக்காக ஒரு வருஷம் போட்டேன். மறு வருஷம் போடாம விட்டா, போன வருஷம் போட்டது யாருன்னு கேப்பாங்க. அதுக்காக அதையும் போட்டேன். அப்புறம் பழகிப்போச்சு."

"சரி, பார்வை மட்டும் ஏன் கூடிட்டே போச்சு?" என்றார் பதிவாளர்.

"குறைச்சு எழுதத்தான் பாத்தேன்" என்றார் அம்மாள். "கை வரல."

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதம் காகிதம்தான், இதைத் தன்னால் கிழித்துப்போட முடியாது என்றார். ஒரே வழி, இவையெல்லாம் பொய் என்று அம்மாள் தன் கைப்பட எழுதித் தருவது. கடைசியாகக் கணவரைப் பார்த்தது என்றைக்கு, அவர் சொன்னது என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். "ஆனா ஒண்ணு. பொய்ச் சீட்டுக் குடுத்ததா எழுதினா, இனிமே நீங்க யாருக்கும் கண் சோதிக்க முடியாது. பேரை எடுத்துடுவாங்க. எழுதலைன்னா, வீட்டுக்காரர் பாட்டுக்குக் காகிதத்துல நல்லா இருப்பார். இந்தக் கல்யாணம் நடக்காது. நீங்களே யோசிச்சுக்கோங்க."

முப்பது வருஷத் தொழில். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பது அம்மாள் எழுதிக்கொடுத்த கணக்கில்தான்.

"வேணாம்ங்க" என்றார் பூட்டுக்காரர். "பதிவு இல்லாட்டி என்ன? குடியா முழுகிடும்? கதவு சிக்கினா சொல்லி அனுப்புங்க, வர்றேன்."

"நீங்க சித்த சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் பேனாவை எடுத்தார்.

அரைமணி நேரம் எழுதினார். மேலே மின்விசிறி சுற்றியது. ஓரத்தில் ஒரு தாள் படபடத்துக்கொண்டே இருந்தது. எழுதி முடித்ததைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. பதிவாளர் வாசித்தார். தேதி, கிழமை, நேரம், போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு, 'வேலைக்குப் போவதாக அவர் சொல்லவில்லை. அது நான் மற்றவர்களுக்குச் சொன்னது. இனிமேல் வரமாட்டேன், என்னைத் தேடாதே என்றுதான் சொன்னார். கதவைத் திறந்துவிட்டது நான்.'

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கல்லூரிக்குப் போற வரைக்கும் எந்த பஸ் வந்தாலும் எறங்குற ஆளுங்க மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன்" என்றாள். "ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல."

பதிவாளர் தாளை மகள் பக்கம் நகர்த்தினார். அந்த வீட்டில் அப்போது இருந்த வேறொருவர், கணவர் திரும்பி வரவில்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மகளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை. அவள் போடாவிட்டால் அம்மாள் தொழிலை இழந்தது இழந்ததுதான், கல்யாணமும் இல்லை. ஊர்ப்பட்ட பூட்டைத் திறந்த மனிதர் கை வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மகள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். போறப்ப என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பதினோரு வருஷமாக ஒரு மனிதரின் பெயரில் கையெழுத்துப் போட்டு, அவருக்குக் கழுகுப் பார்வையே கொடுத்தவர் அம்மாள். இரண்டு நல்ல வார்த்தை உண்டாக்குவது அவருக்குக் கண் இமைக்கிற நேரம். 'பிள்ளையைப் பாத்துக்கோன்னு சொன்னார்' என்றால் போதும். பதிவாளரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லுங்களேன் என்று பூட்டுக்காரர் மனசுக்குள் கெஞ்சினார். சொல்லிடாதீங்க என்றும் அதே மூச்சில் கெஞ்சினார்.

"இல்லம்மா" என்றார் அம்மாள். "ஒண்ணும் சொல்லல."

மகள் தலையை ஆட்டினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் போட்டதில் கீழே இருந்த மூன்று பிரதியிலும் அதன் தடம் பதிந்தது. நான்கு பிரதி கேட்கும் அலுவலகம் அது. பதிவாளர் மற்ற மூன்றுக்கும் அவளைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. தடத்தின் மேலேயே முத்திரையைக் குத்தி, கல்யாண அறிவிப்போடு பலகையில் முப்பது நாள் ஒட்டுவதற்காக மாப்பிள்ளையின் புகைப்படம் கேட்டார்.