மலைக்கி வெச்சிருந்த பிளேட்டு

“காலு உள்ள போவ மாட்டேங்குது அண்ணி. வந்து கொஞ்சம் புடியேன்!”

லூர்துமேரி அவ அண்ணன் சவுரிராயன் காலுக்கு கேன்வாஸ் ஷூ மாட்டிக்கினு இருந்துச்சி. ஷூ புதுசு. காலுக்கு சொந்தக்காரரு நேத்து சாயந்தரம் காப்பி குடிச்சிட்டு, பெருசா ஒரு ஏப்பம் வுட்டுட்டு, நாக்காலியில சாஞ்சவருதான். அப்புறம் எழுந்துக்கல. பொண்டாட்டி இருதயமேரி டம்ளர கழுவிட்டு வந்து, “இன்னாங்க, தூங்கறதுன்னா உள்ள போயி படுங்களேன்”னு சொல்லிப் பாத்து, பதிலே இல்லன்னதும் தொட்டுப் பாத்துதான் தெரிஞ்சிக்கிச்சி.

“பொட்டிக்குள்ள போற மனுஷனுக்கு மல ஏறுற ஷூ எதுக்குடி?”ன்னுது இருதயமேரி.

“வாங்கி வெச்சி ஆசையா பாத்துக்கினே இருந்தாருன்னு நீதான சொன்ன? ஒரு தடவையாவது போட்டுக்கட்டும்.”

அதுவும் ஞாயந்தான். இருதயமேரி கீழ உக்காந்து குதிகால புடிச்சிக்கிச்சி. நாத்தனாரு இழுக்க, அண்ணிக்காரி அமுக்க, ஒரு வழியா ஷூ ஏறுச்சி. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. கூடவே சிரிப்பும் வந்துடுச்சி. லூர்துமேரி முந்தானைய வாயில அடைச்சிக்கினு குலுங்குது. வாசல்ல உக்காந்திருந்த பொம்பளைங்க, “பாவம், கூடப்பொறந்தவ எப்டி அழுவுறா பாரு”ன்னு பேசிக்கினாங்க.

சவுரிராயன் திண்டிவனத்துல போட்டோ புடிக்கறவரு. போட்டோன்னா இன்னா போட்டோ? முக்காவாசி பொணந்தான். அந்தக் காலத்துல உசுரோட இருக்கும்போது யாரு போட்டோ புடிச்சிக்கினாங்க? ஆயுசு கொறைஞ்சிடும்னு பயம். செத்தப்புறம் அந்தப் பயம் இல்ல பாருங்க, அதனால ஆள வுட்டு கூப்ட்டுக்கினு போவாங்க. இந்துக்காரங்க நாக்காலியில உக்கார வெச்சி எடுப்பாங்க. நம்ம வேதக்காரங்க பொட்டிய சாச்சி நிக்க வெச்சி, சுத்தி சொந்தக்காரங்க நின்னுக்கினு எடுப்பாங்க. மனுஷன் வாழ்நாள் பூரா அதயே எடுத்தாரு. அதனாலதான் அவருக்கு மல மேல ஆச வந்துச்சி.

கொடைக்கானல் மலையில குறிஞ்சின்னு ஒரு பூவு. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காதான் பூக்குமாம். பூத்துச்சின்னா மல பூரா நீலமாயிடுமாம். போன தடவ அது பூத்தப்ப, முப்பத்தி நாலுல, இவரு வூட்ட பூட்டி பைய கையில எடுத்துட்டாரு. அந்நேரம் பாத்து ஒலக்கூர்லேர்ந்து மாட்டு வண்டி வந்து நிக்குது. “பொணம் காத்துக்கினு இருக்காது சார், பூவு இருக்கும், வாங்க”ன்னு ஏத்திக்கினு பூட்டாங்க. பூவும் காத்துக்கினு இல்ல.

இப்ப மறுபடியும் பூத்திருக்குதுன்னு மலையிலேர்ந்து வந்த ஒரு சாமியாரு சொன்னாரு. ஜெர்மன்காரன் சண்ட முடிஞ்சும் போட்டோ பிளேட்டு எங்கியும் கெடைக்கல. பிளேட்டுன்னா கண்ணாடி. அதுல மருந்து பூசியிருக்கும், அதுலதான் படம் வுழும். எங்கெங்கியோ அலஞ்சி அர டஜன் கண்ணாடி சம்பாரிச்சாரு மனுஷன். சம்பாரிச்சத மல்லாட்ட மூட்டைக்குள்ள, அதான் வேர்க்கடல மூட்டைக்குள்ள, பொதச்சி வெச்சிட்டு, ஊருக்கெல்லாம் “ஸ்டாக் இல்ல, ஸ்டாக் இல்ல”ன்னு கைய விரிச்சிட்டாரு.

போன ஞாயித்துக்கெழம பூசைக்கி போயிட்டு வந்து, புருஷனும் பொண்டாட்டியும் பாயில உக்காந்து பிளான் போட்டாங்க. மல்லாட்டைய எடுத்து வரிசையா வெச்சாரு. ஒவ்வொண்ணும் ஒரு பிளேட்டு.

“இது பூவுக்கு. இதுவும் பூவுக்கு, கிட்ட போயி. இது அருவிக்கி. இது வரையாட்டுக்கு, பாறையில நிக்குமாம். இது பனி எறங்கறதுக்கு.”

“ஏங்க, போட்டோ கருப்பு வெள்ளயில தான வுழும்? நீலம் எங்க தெரியும்?”

மனுஷனுக்கு மூஞ்சே செத்துப் பூட்ச்சி. மல்லாட்டைய வரிசையா அப்டியே வுட்டுட்டு எழுந்து பூட்டாரு. சாயந்தரம் வந்து, “கையால கலரு குடுத்துக்கலாம்”னாரு.

“அப்ப அந்த கடேசி மல்லாட்ட?”

“அது... இன்னொரு ஆட்டுக்கு.”

“என்ன நிக்க வெச்சி எடுங்களேன். பூவு நடுவுல.”

“மனுஷங்களே வேணாம் மேரி. எடுத்து எடுத்து சலிச்சிட்டேன்.”

“நீங்க எடுத்ததெல்லாம் செத்த மனுஷங்க. நான் உசுரோட இருக்கறேன்.” சொல்லிட்டு, அந்தக் கடேசி மல்லாட்டைய ஒடச்சி வாயில போட்டுக்கிச்சி. அவரு பாத்தாரு, சிரிச்சிட்டாரு. “சரி, தின்னுட்ட. அது ஒன்னோடது.”

கல்யாணமாயி அத்தன வருசத்துல, புள்ளகுட்டியும் இல்லாத வூட்ல, இருதயமேரி தனக்குன்னு கேட்டு வாங்குனது அது ஒண்ணுதான்.

அந்த மனுஷன்தான் இப்ப பொட்டியில ஷூவோட படுத்திருக்காரு. சாயந்தரம் கோயிலு மணி அடிச்சா எடுத்துடுவாங்க. இருதயமேரி தலமாட்டுல உக்காந்து, வர்றவங்கள கட்டிக்கினு அழுதுக்கினு இருந்துச்சி. லூர்துமேரியோட புள்ளைங்க பசிக்குதுன்னு நச்சரிக்க ஆரம்பிச்சிச்சிங்க. விழுப்புரத்துலேர்ந்து காலையில ரயிலேறுனதுங்க, பாவம். சாவு வூட்ல அடுப்பு ஏது? லூர்துமேரி நாலு மல்லாட்டையாவது குடுப்போம்னு மூலையில இருந்த மூட்டையில கைய வுட்டுச்சி.

“இது இன்னாது அண்ணி, உள்ள ஒரு பொட்டி?”

இருதயமேரி ஒப்பாரி நடுவுல இருந்துச்சி. “என்ன வுட்டுட்டுப் போனியே என் ராசா...” திரும்பிப் பாத்துச்சி. நாத்தனாரு வாசல் வெளிச்சத்துல நின்னுக்கினு பொட்டி மூடிய நகத்தால நெம்பிக்கினு இருக்குது!

“தொறக்காத! தொறக்காதடி பாவி! வெளிச்சம் பட்டா எல்லாம் பூடும்!”

கட்டிக்கினு அழுதவள தள்ளி வுட்டுட்டு, புருஷன் பொட்டிய தாண்டி, ஒரே பாய்ச்சல். பிளேட்டு பொட்டிய புடுங்கி முந்தானைக்குள்ள சுருட்டி, நெஞ்சோட அணச்சிக்கினு நின்னுச்சி. மல்லாட்டையெல்லாம் தரையில உருளுது.

வாசப்படியில எதுர்வூட்டு பெரியசாமி நின்னுக்கினு இருந்தான். போன மாசந்தான் அவன் அம்மா செத்துச்சி. பொறந்ததுலேர்ந்து ஒரு போட்டோ புடிச்சிக்காத கெழவி. கெஞ்சுனான் பெரியசாமி. ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாரு சவுரிராயன்.

“யக்கா,” பெரியசாமி மெதுவா கேட்டான். “அது பிளேட்டு தான?”

இருதயமேரியால பொய் சொல்ல முடியல. “ஆமா பெரியசாமி.”

“எங்க அம்மா செத்தப்ப இருந்துச்சா?”

“இருந்துச்சி.”

அவன் துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு, எதுத்தாப்ல அவன் வூட்டுக்குள்ள பூட்டான்.

லூர்துமேரிக்கி அதெல்லாம் ஏறவே இல்ல. அதுக்கு வேற கண்ணு தொறந்துடுச்சி. “அண்ணி, பிளேட்டு இருக்குதா? அப்ப எங்க அண்ணன ஒண்ணு எடுத்துடலாம்! ஊரு பூரா எடுத்தாரே, அவரு கேமராக்கு முன்னாடி நின்னதே இல்லியே. எங்கிட்ட எங்க அண்ணன் மூஞ்சி இல்ல அண்ணி. நாளைக்கி எம் புள்ளைங்களுக்கு இன்னாத்த காட்டுவேன்?”

“விழுப்புரத்துலேர்ந்து போட்டோக்கார பாண்டுரங்கன இட்டாந்தா...”ன்னு யாரோ இழுத்தாங்க.

“அவன் வர்றதுக்குள்ள பொழுது எறங்கிடும். அண்ணி எடுக்கும். படம் கழுவற இருட்டு ரூமுல பாதி வேல இதுதான செஞ்சிக்கினு இருந்துச்சி. இன்னா அண்ணி, எடு. எதுக்கு யோசிக்கிற? ஒண்ணு போனா மிச்சம் இருக்குதே. அத வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?”

“மலைக்கிப் போறேன்.”

வாசல்ல ஒரு பொம்பள “சேசுவே”ன்னு சொன்னது நல்லா கேட்டுச்சி.

“யாரோட?”

“கேமராவோட.”

“பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு? புருஷன் இன்னும் வூட்ட வுட்டே போவல. ஊரு சிரிக்கும். அதுவும் எதுக்கு, ஆட்ட பாக்க! திண்டிவனத்துல இல்லாத ஆடா? நாப்பது நாளு முடியட்டும், அப்புறம்...”

“பூவுக்கு நாப்பது நாளு தெரியாது லூர்து. அதுக்குள்ள உதுந்துடும். அடுத்த தடவ பூக்கும்போது நான் எங்கியோ?”

அண்ணிக்காரி இந்த மாதிரி ஒரு வார்த்த பேசி லூர்துமேரி கேட்டதே இல்ல.

இருதயமேரி பிளேட்டு பொட்டிய அணச்சிக்கினே யோசிச்சிச்சி. பூவுக்கு வெச்சதுல ஒண்ண எடுக்கலாமா? ஒரே ஒரு பூவு போதாதா? அவரு ஒத்துக்க மாட்டாரு. அருவி? பனி? ஒவ்வொண்ணயும் சொல்லும்போது அவரு மூஞ்சி எப்டி இருந்துச்சின்னு ஞாபகம் வந்துச்சி. எதையும் தொட முடியல. தானா எடுத்துக் குடுக்கலாம்னா, தின்ன அந்த மல்லாட்ட ஒண்ணுதான் இருந்துச்சி.

இருட்டு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிச்சி. செவப்பு வெளக்க ஏத்தி, பொட்டிய தொறந்து, மேல இருந்த பிளேட்ட உருவி சட்டத்துல மாட்டுச்சி. எல்லாம் ஒரே கண்ணாடி, ஒரே அளவு. எதுலயும் பேரு எழுதியில்ல. ஆனாலும் ஓரத்த ஒரு தடவ வெரலால தடவிப் பாத்து, “போவட்டும், நீங்களே வெச்சிக்கங்க”ன்னுது.

வெளிய வந்தா இன்னொரு கவல. சொந்தக்காரங்களுக்கு எடுத்துட்டு, எதுர்வூட்டு கெழவிக்கி இல்லன்னு சொன்னவங்கன்னு ஆவும். இருதயமேரி நேரா எதுத்த வூட்டுக்குப் போயி வாசல்ல நின்னுச்சி.

“பெரியசாமி, அவரு பொய்தான் சொன்னாரு. ஒங்க அம்மாவ எடுத்திருக்கணும். இப்ப அவர எடுக்கக் கூடாதுன்னு நீ சொன்னா, எடுக்கல.”

உள்ள ஒரு பெஞ்சி தரையில கறகறன்னு இழுபடுற சத்தம். பெரியசாமி பெஞ்ச தூக்கிக்கினு, தோள்ல தாம்புக்கயிறோட வெளிய வந்தான்.

“எங்க வூட்டு செவுத்தாண்ட வையி யக்கா. இப்பதான் சுண்ணாம்பு அடிச்சேன், வெளிச்சம் நல்லா அடிக்கிது. பொட்டி சாயாம நிக்கணும்ல? பெஞ்சில சாச்சி கட்டிடலாம். ஜல்தி, வெயிலு எறங்குது.” கயித்த பிரிச்சிக்கினே சொன்னான். “ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். நானும் நிப்பேன் போட்டோல. எங்க அம்மாவுக்குத்தான் கெடைக்கல, எனக்காவது கெடைக்கட்டும்.”

“தலமாட்டுலயே நில்லுப்பா.”

பொட்டிய தூக்கியாந்து சாச்சிக் கட்டுனாங்க. மாலைய நிமுத்துனாங்க. லூர்துமேரி புள்ளைங்க மூக்க தொடச்சி வுட்டு முன்னாடி நிறுத்திட்டு, தானும் தல வாரிக்கினு வந்து நின்னுச்சி. அப்புறந்தான் அதுக்கு உரைச்சிச்சி.

“அண்ணி! நீ நிக்காத போட்டோ இன்னா போட்டோ? பொண்டாட்டி பக்கத்துல இல்லன்னா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“நான் அங்க நின்னா, எடுக்கறது யாரு, ஒங்க அண்ணனா?”

பெரியசாமிக்கி சிரிப்பு வந்துடுச்சி. அதப் பாத்து புள்ளைங்களுக்கும். “யக்கா, சாவு போட்டோல சிரிக்கலாமா?”ன்னான்.

“அவருகிட்டயே கேளு.”

“அண்ணி, பேஜாரு பண்ணாத, ஜல்தி எடு! இன்னிக்கி ராவிக்கி விழுப்புரம் திரும்பணும். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனுக்கு அங்கேர்ந்து எந்த ரயிலுன்னு எங்க வூட்டுக்காரர கேட்டு வெக்கிறேன். தனியா நீ எப்டி போவ? போர்வையாவது ரெண்டு எடுத்துக்க, நானும் வர்றேன்.”

இருதயமேரி கருப்புத் துணிய தல மேல போட்டுக்கினு கேமராவுக்குப் பின்னாடி குனிஞ்சிச்சி.

உள்ள இருட்டு. ஒரே புழுக்கம். எதுர்ல, கேமராவோட பின்பக்கக் கண்ணாடியில எல்லாம் தலகீழாத் தெரியுது. வெள்ளச் செவுரு மேலேர்ந்து தொங்குது. லூர்துமேரி தொங்குது, புள்ளைங்க தொங்குதுங்க, பெரியசாமி வெறப்பா தொங்குறான். நடுவுல பொட்டி. அதுல சவுரிராயன் மூஞ்சி மட்டும் கலங்கலா இருந்துச்சி. இருதயமேரி திருகாணிய இந்தப் பக்கம் திருகுச்சி. தெளியல. அந்தப் பக்கம் திருகுச்சி. அப்பவும் தெளியல.

“யக்கா, இன்னா ஆச்சி?” வெளியேர்ந்து பெரியசாமி கொரலு.

“போகஸ் வரல. யாரும் அசையாதீங்க.”

யாரும் அசையல. தூரத்துல கோயிலு மணி அடிக்க ஆரம்பிச்சிச்சி. இருதயமேரி முந்தானைய இழுத்து கண்ணாடிய நல்லா தொடச்சிச்சி. கண்ணாடி காஞ்சிதான் இருந்துச்சி.