தத்தாராமைக் கடற்கரைக்கு அனுப்பும் முயற்சி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. நெல்லி ஐன்ஸ்கோ நச்சரித்த நச்சரிப்பில் எழுத உட்கார்ந்தேன், அவ்வளவுதான். இங்கிலாந்தில், லங்காஷயரின் தார்ன்பாட்டம் என்ற ஆலை ஊரில் நான் பஸ் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் கிளப்பில் ஸ்கோர் எழுதுகிறேன். தமிழில் கதைகளும் எழுதுகிறேன் என்பது நெல்லிக்கு எப்படியோ தெரிந்துபோனது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"எங்க டாட்டியப் பத்தி எழுதேன் தம்பி. உங்க ஊர்க்காரன்தானே?"

"அவரு பம்பாய், நெல்லி. நான் திருநெல்வேலிப் பக்கம்."

"நான் லங்காஷயர், ராணியம்மா லண்டன். எங்க ரெண்டு பேரையும் நீ இங்கிலீஷ்காரின்னுதானே சொல்ற? எழுதுன்னா எழுது."

டாட்டி என்று இந்த ஊர் கூப்பிட்டது தத்தாராம் ஷிர்கேயை. 1930களின் நடுவில் மூன்று கோடைகள் எங்கள் கிளப்பின் சம்பளப் பந்துவீச்சாளர். லீக் விதிப்படி ஒரு கிளப் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்கலாம். மற்ற பத்துப் பேரும் வாரம் முழுக்க ஆலையில் வேலை செய்துவிட்டு சனிக்கிழமை ஆட வருகிறவர்கள். டாட்டி நெல்லியின் அம்மா வீட்டு மாடியறையில் குடியிருந்தார். நெல்லி அப்போது பதினெட்டு வயதுத் தறிக்காரி. இப்போது, தொண்ணூறுகளின் நடுவில், எண்பதை நெருங்குகிறாள்.

2

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பரேல் ஆலைக் குடியிருப்பில் பிறந்த தத்தாராம், இடதுகையால் பந்தைச் சுழற்றக் கற்றுக்கொண்டது"

பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

"பயிற்சி வலையில் மகாராஜாக்களுக்குப் பந்து போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவனை, ஆட்டத்தன்று மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை"

இதில் தகவல் சரி. ஆனால் கோபம் என்னுடையது. அவர் கோபப்பட்டதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவதாக எழுதியது நெல்லி சொன்னது. முதல் ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற அவரைப் பார்த்து, வேலையிழந்த நெசவாளி ஒருவன் கத்தியிருக்கிறான்: "யோவ்! உங்க ஊர்ல எங்க துணிய எரிக்கிறீங்க. இங்க வந்து எங்க சம்பளத்த மட்டும் வாங்குவியா?"

டாட்டி திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்: "எங்கப்பாவும் தறிக்காரர்தான்யா. அவருக்கும் வேலை போச்சு. அவர் யாரைத் திட்டுறது, சொல்லு?"

கூட்டம் சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து அதே ஆள் டாட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். கதை இங்கே தொடங்கலாம். ஆனால் இங்கே தொடங்கினால் இது ஒரு சந்தோஷமான கதை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

[பரேலில் வேலை பார்த்த தார்ன்பாட்டத்து இன்ஜினீயர் ஒருவர், ஆலைகளுக்கு இடையிலான ஆட்டத்தில் அவர் பந்து போடுவதைப் பார்த்துக் கிளப்புக்குச் சொல்லியனுப்பினார். அப்படித்தான் இங்கே வந்தார். பம்பாயில் தேர்வாளர்கள் கண்ணில் படாதவர், இங்கே இரண்டே கோடைகளில் லீக்கையே கலங்கடித்தார்.]

3

எனக்குப் பிடிபடாதது டாட்டியின் மனசு. நெல்லி சொல்வதெல்லாம் அவர் எவ்வளவு நல்லவர், அவள் அம்மாவின் உருளைக்கிழங்குக் கறியில் மிளகைக் கொட்டிச் சாப்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார் என்பதுதான். நல்லவராகவே இருக்கும் ஒரு மனிதரை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம்.

ஒரே ஒரு ஆசை தெரியும். மூன்றாவது கோடையில் இந்திய அணி இங்கிலாந்துக்கு வந்திருந்தது. பந்துவீச்சாளர்கள் காயப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். லீக்கில் ஆடுகிற ஒருவரைக் கூப்பிடக்கூடும் என்று பத்திரிகையில் பேச்சு. டாட்டி பூட்ஸுக்கு வெள்ளை அடித்து ஜன்னலில் காயவைத்துக்கொண்டே இருந்தாராம்.

"தினமுமா?"

"தினமும். எங்கம்மா கத்துவா, ஏண்டா, அந்த பூட்ஸ் கரைஞ்சே போயிரும்டான்னு."

4

ஜூலையில் ஊரின் ஆலைகள் எல்லாவற்றையும் ஒரே வாரம் அடைப்பார்கள். வேக்ஸ் என்று பெயர். அடைத்ததும் ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். கறிக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர், டாக்டர், பாதிரியார், யாரும் பாக்கி இல்லை. நான் இங்கே வந்த புதிதில் அந்தப் பழக்கத்தின் கடைசி வருடங்களைப் பார்த்திருக்கிறேன். காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு காலித் தெருக்களைச் சுற்றி வருவேன்.

முதல் வருடம் டாட்டி ஐன்ஸ்கோ குடும்பத்தோடு போனார். மறுவருடம் கிளப் கேப்டன் வில்ஃப் எண்ட்விசில் குடும்பத்தோடு. மூன்றாம் வருடம்

(இந்த வாக்கியத்தில் நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.)

மூன்றாம் வருடம் நெல்லியும் அம்மாவும் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் டாட்டி வில்ஃபோடு வந்துவிடுவார் என்று அம்மா நினைத்தாள். இந்த வருடம் ஐன்ஸ்கோ வீட்டு முறை, அவர்கள் அறை எடுத்திருப்பார்கள் என்று வில்ஃப் நினைத்தார். டாட்டியிடம் இருவரும் கேட்கவில்லை. யாரோ அன்னியன் என்றால் நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவர் வீட்டு ஆள் ஆகிவிட்டார். வீட்டு ஆளை யார் அழைப்பார்கள்?

சனிக்கிழமை தூறலில் பிற்பகல் முழுவதும் பந்து போட்டார். அப்போதே இருமல் இருந்தது. ஜெயித்துக் கொடுத்தார். மற்றவர்கள் ஈரச் சட்டையோடு ரயிலுக்கு ஓடினார்கள். "அங்க பாக்கலாம் டாட்டி!" என்று வில்ஃப் கத்தினார். தான் கத்தியதைப் பிறகு வருடக்கணக்காக எல்லோரிடமும் சொல்லி அழுதாராம்.

5

பிளாக்பூலில் இரண்டு குடும்பங்களும் கடற்கரையின் இரண்டு கோடிகளில் தங்கியிருந்தன. புதன்கிழமை நெல்லியின் அம்மாவுக்கு மனசு சரியில்லை. சாயங்கால ரயிலில் ஊருக்குப் போய் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரவா என்றாள். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நெல்லி டிராமின் மேல்தட்டிலிருந்து கீழே நடைபாதையில் ஓர் இந்தியரைப் பார்த்திருந்தாள். கையசைத்தாள். அவரும் அசைத்தார்.

"டாட்டியப் பாத்தேம்மா" என்றாள். அம்மா போகவில்லை.

அந்த வருடங்களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் பட்டு டைகளை வைத்து ஊர் ஊராக விற்பார்கள். அதை நெல்லிக்கு எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"அவரு தலப்பா கட்டியிருந்தாரா நெல்லி?"

"வெயிலுக்குக் கட்டியிருப்பான்."

"டாட்டி என்னைக்காவது கட்டியிருக்காரா?"

"கடற்கரையில மனுஷன் என்ன வேணா கட்டுவான். எங்க மாமா கர்ச்சீப்ப நாலு முனையிலயும் முடிச்சுப் போட்டு மண்டையில கவுத்துக்குவார்."

"கையில பெட்டி இருந்துச்சா?"

"வெளியூர் போறவன் பெட்டி இல்லாமப் போவானா? நீ என்ன போலீஸா?"

சனிக்கிழமை ஊர் திரும்பியதும் அம்மாதான் முதலில் மாடி ஏறினாள். நிமோனியா என்றார் டாக்டர். வியாழக்கிழமை இறந்திருக்கலாம் என்றார். ஊர் முழுக்க பின்னால் நடந்துபோய் சேப்பல் இடுகாட்டில் புதைத்தார்கள். அவருடைய ஆட்கள் எரிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை. வியாழக்கிழமை. இந்த இரண்டு சொற்களையும் நெல்லி ஒரே வாக்கியத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. "அவன் பிளாக்பூல்ல இருந்தான், நான் பாத்தேன்" என்பாள். அதற்கு மேல் பேச்சை மாற்றிவிடுவாள்.

6

எல்லோரையும் விடுதலை செய்கிற ஒரு முடிவு எனக்குத் தோன்றியது. இந்திய அணியின் அழைப்புக்காக டாட்டி தானே வீட்டில் தங்கிவிட்டார்; இவர்களிடம் அவர்களோடு போகிறேன் என்றும், அவர்களிடம் இவர்களோடு போகிறேன் என்றும் சொன்னார். எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது பாருங்கள். பூட்ஸ்கூட ஜன்னலில் தயாராக இருக்கிறது. குற்றம் யார் மேலும் இல்லை.

எழுதினேன். வாசித்தேன். கிழித்தேன். செத்தவரைப் பொய் சொல்ல வைத்து உயிரோடிருப்பவர்களுக்கு நிம்மதி வாங்கித் தருவது எனக்குக் கேவலமாகப் பட்டது.

[அழைப்பு வரவேயில்லை. அதையாவது மாற்றி எழுதியிருக்கலாம்.]

7

போன மாதம் நெல்லி நேராகவே கேட்டுவிட்டாள்.

"நீ எழுதுறவன்தானே? அவன அங்க கொண்டுபோய் வையேன். ஒரே ஒரு நாள். புதன்கிழமை மட்டும் போதும்."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்தேன். தமிழில் எழுதியதை அவள் சமையலறையில் உட்கார்ந்து வரிவரியாக இங்கிலீஷில் சொன்னேன். டாட்டி நடைபாதையில் நிற்கிறார். வெயில் அடிக்கிறது. வில்ஃபின் பிள்ளைகள் கழுதைச் சவாரிக்கு அவரை இழுக்கிறார்கள். அவர் கால் தரையில் இழுபட ஒரு கழுதை மேல் உட்கார்ந்து போகிறார்.

"வில்ஃபோட பெரிய பையன் கழுதைக்கு பயப்படுவான்" என்று நெல்லி திருத்தினாள். "சின்னவன்னு போடு."

போட்டேன். டிராம் வருகிறது. மேல்தட்டில் ஒரு பெண் கையசைக்கிறாள். டாட்டி அண்ணாந்து பார்த்துச் சிரித்து, தன் பந்துவீசும் இடதுகையைத் தூக்கி அசைக்கிறார். அவருக்கு இருமலே இல்லை.

நெல்லியின் முகம் மலர்ந்தது. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்றாள். டீயை ஊற்றினாள். பால் விட்டாள். பிறகு கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப அந்த வாரம் எங்க மாடியில தனியாப் படுத்துக் கெடந்தது யாரு தம்பி?"

காகிதத்தில் அடுத்த வரி காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதை நெல்லியிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.